புதுப்பிப்பு: விளக்கு வெளிச்சத்தில் சாய்ந்த காந்தாரி நாற்று நிமிர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆடிக் காற்றுக்குப் பயந்து தோவாளை வீட்டுக்குள்ளேயே எல்இடி விளக்கின் கீழ் காந்தாரி மிளகாய் விதைத்திருந்தேன். நாற்று நூலாக நீண்டு சாய்கிறது, சிலதின் அடித்தண்டு கறுத்து மடிகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது விளக்கைத் தாழ்த்தச் சொன்ன அண்ணாச்சியின் யோசனைதான். முழ உயரத்தில் இருந்ததை ஒரு சாணுக்கு இறக்கி, தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டேன். ஏற்கெனவே நீண்ட தண்டு குறுகாது. ஆனால் அடுத்து வந்த இலைகள் நெருக்கமாக வந்தன. பைக்கு மாற்றும்போது வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகள்) மட்டம் வரை மண்ணில் இறக்கி நட்டதும் ஆட்டம் நின்றது.

அடித்தண்டு கறுத்ததற்குக் காரணம் நாற்றழுகல் என்ற பூஞ்சை நோய். மடிந்தவை பிழைக்கவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, சின்ன மின்விசிறியும் வைத்த பிறகு புதிதாக எதுவும் விழவில்லை. அடுத்த விதைப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை விதையில் கலந்து விதைநேர்த்தி செய்யப்போகிறேன்; கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, நமக்கு ஒரு சிட்டிகை போதும்.

சூடேற்றும் விரிப்பு வாங்கச் சொன்னவருக்கு: மிளகாய் முளைக்க 25 முதல் 30 டிகிரி போதும், அது நம்மூர் அறையிலேயே இருக்கிறது.

எதிர்பாராதது வெயில். வெளியே வைத்ததும் இலைகள் வெளுத்துவிட்டன. அப்புறம் காலை வெயிலில் மட்டும் வைத்து நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். புதுத் தளிர் நன்றாக இருக்கிறது. காற்றோ, பயந்த அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை.