கிளை ஓயூவில் சிலருக்கு மட்டும் பாஸ்வேர்ட் ரீசெட் ஆகவில்லை: பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் காரணமா?

கிளை_அட்மின்:
வணக்கம். எங்கள் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) கிளை அலுவலகத்துக்குத் தனி ஓயூ (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) இருக்கிறது. அங்குள்ள ஹெல்ப்டெஸ்க் குரூப்புக்கு டெலிகேஷன் விசார்ட் (குறிப்பிட்ட உரிமையை மட்டும் பிறருக்குக் கொடுக்க உதவும் வசதி) வழியாகப் பாஸ்வேர்ட் ரீசெட் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானோருக்கு ரீசெட் ஆகிறது. கணக்குப் பிரிவில் சிலருக்கு மட்டும் 'ஆக்சஸ் இஸ் டினைட்' வருகிறது. எல்லாரும் ஒரே ஓயூதான்.

தலைமை அலுவலக ஜிபிஓக்கள் (குரூப் பாலிசி விதித் தொகுப்புகள்) இங்கே வரவேண்டாம் என்று சமீபத்தில் அந்த ஓயூவில் பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் போட்டோம். அதனால் இருக்குமா? இதில் இன்னொரு குழப்பம், அதைப் போட்ட பிறகும் யூஎஸ்பி தடை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

சர்வர்_ரூம்:
அவசரம் என்றால் ஹெல்ப்டெஸ்க் பையன்களை அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸில் சேர்த்துவிடுங்கள்.

பழைய_கன்சோல்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கிளையின் பாஸ்வேர்டுக்காக டொமைன் முழுக்கக் கணக்குகளை உருவாக்கவும் மாற்றவும் உரிமை கொடுத்ததாகிவிடும். டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிலேயே லாகின் செய்யவும் முடியும். அதைக் கொடுத்தாலும் இந்தச் சிலருக்கு ரீசெட் ஆகாது.

பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் குரூப் பாலிசிக்கு மட்டும்தான். விசார்டில் கொடுத்த உரிமை ஓயூவின் செக்யூரிட்டி பட்டியலிலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் வேறு வழி, ஒன்று மற்றதைத் தொடாது.

எனக்குச் சந்தேகம் அட்மின்எஸ்டிஹோல்டர் மேல்தான். உயர் அதிகாரக் கணக்குகளுக்கான பெர்மிஷன் மாதிரி அதில் இருக்கிறது. டொமைன் அட்மின்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ், பிரின்ட் ஆபரேட்டர்ஸ் போன்ற குரூப்பில் ஒருவர் இருந்தால், பிடிசி எமுலேட்டர் (இந்தப் பொறுப்புள்ள டொமைன் கன்ட்ரோலர்) 60 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கணக்கின் பெர்மிஷன்களை அட்மின்எஸ்டிஹோல்டரில் உள்ளபடி மாற்றி எழுதி, மேலிருந்து வரும் உரிமையைத் துண்டித்துவிடும். கணக்கில் அட்மின்கவுண்ட் என்ற அடையாள மதிப்பு 1 ஆகிவிடும். பின்னால் குரூப்பிலிருந்து நீக்கினாலும் இரண்டும் தானாகப் பழைய நிலைக்கு வராது. வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸின் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸை ஆன் செய்து, ரீசெட் ஆகாத ஒருவரின் செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்துங்கள். கீழே 'எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' என்று பட்டன் தெரிந்தால், இன்ஹெரிட்டன்ஸ் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அட்ரிபியூட் எடிட்டரில் அட்மின்கவுண்டையும் பாருங்கள்.

கிளை_அட்மின்:
அண்ணா, அப்படியேதான் இருக்கிறது. ரீசெட் ஆகாத எல்லாருக்கும் அட்மின்கவுண்ட் 1. முன்பு இருந்த அட்மின் பிரின்டர் டிரைவர் போடுவதற்காக இவர்களைப் பிரின்ட் ஆபரேட்டர்ஸில் சேர்த்திருந்தாராம். இப்போது மெம்பர் ஆஃப் டேபில் அது இல்லை.

பழைய_கன்சோல்:
அந்த டேபை மட்டும் நம்பாதீர்கள். குரூப்புக்குள் குரூப்பாக எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் சரிசெய்ததும் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பூட்டிவிடும். பிரின்ட் ஆபரேட்டர்ஸ் குரூப்பைத் திறந்து உள்ளே இருக்கும் குரூப்புகளையும் பாருங்கள். மற்ற பாதுகாக்கப்பட்ட குரூப்புகளிலும் இதையே பாருங்கள். சுத்தமாக இருந்தால் அட்மின்கவுண்டைக் கிளியர் செய்து, இன்ஹெரிட்டன்ஸை எனேபிள் செய்யுங்கள். அட்மின்எஸ்டிஹோல்டரின் பெர்மிஷனில் ஹெல்ப்டெஸ்கைச் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டையே ஹெல்ப்டெஸ்க் மாற்ற முடிகிற நிலை வந்துவிடும்.

யூஎஸ்பி விஷயம்: அந்த ஜிபிஓ லிங்கில் சின்னப் பூட்டுப் படம் இருக்கும், பாருங்கள். என்ஃபோர்ஸ்டு (கட்டாயம்) போட்டிருக்கிறார்கள். அது பிளாக்கைத் தாண்டி வரும். விலக்கு வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்திடம்தான் கேட்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர்களை ஒரு குரூப்பில் போட்டு, அந்த ஜிபிஓவில் 'அப்ளை குரூப் பாலிசி'யை அதற்கு டினை செய்யச் சொல்லுங்கள். அப்புறம் மெஷின்களை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கிளை_அட்மின்:
உள்ளே 'பிரின்டர் டீம்' என்று ஒரு பழைய குரூப் இருந்தது. அதை எடுத்துவிட்டு நீங்கள் சொன்னபடி செய்தேன், ரீசெட் ஆகிறது. மதியம் மறுபடி பார்த்தேன், இன்ஹெரிட்டன்ஸ் அப்படியே இருக்கிறது. ரொம்ப நன்றி. அக்கவுண்ட் லாக் ஆனால் மட்டும் ஹெல்ப்டெஸ்கால் திறக்க முடியவில்லை.

பழைய_கன்சோல்:
அது தனி உரிமை, ரீசெட்டோடு வராது. விசார்டில் கஸ்டம் டாஸ்க் எடுத்து, யூசர் ஆப்ஜெக்டுக்கு லாக்அவுட்டைம் (கணக்கு பூட்டப்பட்ட நேரம் பதிவாகும் இடம்) ரீட், ரைட் இரண்டையும் டிக் செய்யுங்கள்.