ஜெர்மன் டிரம் சொற்கள் புரியவில்லை, உதவுங்களேன்

ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம் வாசிக்கப் பழகுகிறேன். கையில் இருக்கும் பழைய ஜெர்மன் நோட்ஸ்தான் (இசைக் குறிப்புத் தாள்கள்) தலைவலி. 'கிளைன டிரொம்மல்' ஸ்னேர் (அடியில் கம்பிகள் கட்டிய சிறிய டிரம்), 'குரோஸ டிரொம்மல்' பேஸ் டிரம் (பெரிய டிரம்), 'பௌக்கன்' டிம்பனி (கிண்ண வடிவ டிரம்). இதுவரை சரி. 'பெக்கன்' என்று அகராதியில் தேடினால் இடுப்பெலும்பு என்கிறது. பார்த்தால் அது சிம்பல், அதாவது உலோகத் தட்டு! 'விர்பல்' என்றால் முதுகெலும்புக் கண்ணி. நோட்ஸில் அதுவே ரோல், அதாவது விடாமல் வேகமாகத் தட்டுவது. வாசிக்க வந்தேனா, உடற்கூறு படிக்க வந்தேனா தெரியவில்லை.

பிரெஞ்சு இன்னும் வம்பு. அதில் 'டிம்பாலெஸ்' என்று எழுதியிருந்தால் டிம்பனி. அதே எழுத்தில் இருக்கும் லத்தீன் அமெரிக்க இசை டிம்பாலெஸ் முற்றிலும் வேறு கருவி. இத்தாலியனில் பேஸ் டிரம்மை வெறும் 'காஸா' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் பெட்டி!

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ஒரே வரியில். சிம்பலுக்கு மேலே 'மிட் ஷ்வம்ஷ்லேகல்' என்று இருக்கிறது. ஸ்பாஞ்ச் தலை வைத்த குச்சியால் என்று பொருள். இதற்கு இன்று எதை எடுப்பீர்கள்? டிம்பனிக்கான மென்மையான ஃபெல்ட் குச்சி போதுமா? அப்புறம், 'ரூர்டிரொம்மல்' எனும் டெனர் டிரம் இல்லாதபோது ஸ்னேரின் கம்பிகளைத் தளர்த்தி வாசித்தால் ஒத்துக்கொள்வார்களா? நான்கு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதிய அட்டவணை யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.