பதில்: பதில்: தொடாமல் பார்க்கும் சென்சாருக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பவள், சிங்கப்பூர்:
எல்லாருக்கும் வணக்கம். தனியே இருக்கும் முதியவர்கள் வீட்டுக் கூரையில் மாட்டும் ரேடார் கருவி ஒன்றுக்கு நான்கு மொழியில் கையேடு, தமிழ் என் தலையில். உடம்பில் எதுவும் ஒட்டாமல், கேமராவும் இல்லாமல், ஆள் விழுந்தாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கும். 'காண்டாக்ட்லெஸ் சென்சார்' என்பதற்கு 'தொடர்பற்ற உணரி' என்று போட்டேன். சரிபார்த்தவர், "ஏன், வைஃபை போய்விட்டதா?" என்கிறார்.

இலக்கணி, தஞ்சை:
தொடா உணரி. வாடா மலர் மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சேர்த்தால் தொடாவுணரி. முடிந்தது அம்மா.

ஆய்வகத்தான், கோவை:
தீண்டா உணரி? காதுக்கு நன்றாக இருக்கிறதே.

இலக்கணி:
தம்பி, அந்தச் சொல் இந்த ஊரில் பட்ட பாடு போதும். ஒரு பாட்டியின் படுக்கைக்கு மேலே அதை எழுதி ஒட்டாதீர்கள்.

ஆய்வகத்தான்:
யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

வேர்ச்சொல்லார், மதுரை:
'தொடா' மட்டும் சரியா? தொடுதல் என்றால் தோண்டுதலும்தான், 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' நினைவில்லையா, அப்போது இது தோண்டாத உணரியா? தொல்காப்பியர் மெய்யால் அறிவதை 'உற்றறிவது' என்றார். உறுதல் என்றால் தொடுதல், ஆகவே உறாவுணரி. உறவு, உறுப்பு எல்லாம் இந்த உறு வீட்டுப் பிள்ளைகள். உறக்கமும் அப்படித்தான் என்பது என் நெடுநாள் ஐயம், இந்தக் கருவி பார்ப்பதும் உறக்கத்தைத்தானே!

இலக்கணி:
'உறாஅதவர் போல் சொலினும்' என்ற குறளில் உறாதவர் அயலார் ஐயா. பாட்டி வீட்டுக் கூரையில் அயலாரா?

வேர்ச்சொல்லார்:
அந்த அதிகாரம் குறிப்பறிதல். சொல்லாமலே அறிவது! குறிப்பறிவி என்று வைத்தால்?

ஆய்வகத்தான்:
அழகுதான், ஆனால் கருவிக்குக் காதல் வந்ததுபோல இருக்கிறது. நடப்பதைச் சொல்கிறேன். கருவி அனுப்பும் 60 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். மூச்சுக்கு மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும், இதயத் துடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. மார்பில் பட்டுத் திரும்பி வரும் அலையின் கட்டம் (phase, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, நிமிடத்துக்கு 15 தடவை ஆடுவதை மூச்சு என்றும் 70 தடவை ஆடுவதைத் துடிப்பு என்றும் பிரிக்கிறோம். போர்வை தடையே இல்லை. ஆள் புரண்டு படுத்தால்தான் கணக்கு குழம்பும். அப்புறம், மெத்தைக்கு அடியில் வைக்கும் பட்டையையும் இதே பெயரில்தான் விற்கிறார்கள். அது மெத்தையைத் தொடுகிறது, ஆளைத் தொடவில்லை. அதுவும் தொடா உணரியா?

பாலிடெக்னிக் ஆசிரியை, சேலம்:
தொலையுணரி என்று யாரும் ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன், அது செயற்கைக்கோள் ஆட்களுடையது. என் பிள்ளைகள் இதற்கு வைத்த பெயர் 'தொடாச்சிணுங்கி'. நான் ஒரு பருவம் முழுக்க உணரி உணரி என்று சொன்னேன், விடைத்தாளில் சென்சார் என்றே வந்தது. கையேடு வாசிக்கப்போவது எண்பது வயதுக்காரர். 'உடம்பைத் தொடாமல் கவனிக்கும் சென்சார்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வேர்ச்சொல்லார்:
தமிழ் குறைந்துவிடும்.

ஆசிரியை:
சென்சார் என்ற ஒரு சொல்லிலா ஐயா?

மொழிபெயர்ப்பவள்:
இங்கே டிஜிட்டலை மின்னிலக்கம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம், அதனால் உணரியும் பழகும் என்றுதான் படுகிறது. அட்டையில் 'தொடா உணரி', உள்ளே முதல் தடவை ஆசிரியை அம்மாவின் வாக்கியம். இப்போதுதான் அனுப்பினேன். மெத்தைப் பட்டை இந்தக் கையேட்டில் இல்லை, தப்பித்தேன்.

வேர்ச்சொல்லார்:
உறாவுணரிக்கு என் ஒரு வாக்கு பதிவாகட்டும். தோண்டுதல் பற்றி எனக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.