ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் பாதுகாவலர் சான்றும்

நிலவன்:
பதினெட்டு வயதைக் கடந்த, அறிவுசார் குறைபாடுள்ள தம் மகளுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் சான்று வாங்குவது எப்படி என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். பலரும் வழிமுறையைச் சொன்னார்கள். வாங்கத்தான் வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. வழக்குரைஞராகிய நான் அந்தக் கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி அளித்தது. மாற்றுத்திறனாளிகள் வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உடையவர்கள் என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. சொத்து வைத்துக்கொள்வதும், கணக்கைத் தாமே கையாள்வதும், வங்கிக் கடன் பெறுவதும் அதில் அடங்கும். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2014-இல் வெளியிட்ட தன் முதல் பொதுவிளக்கத்தில், ஒருவருக்காக இன்னொருவர் முடிவெடுக்கும் ஏற்பாடுகளைக் கைவிட்டு, அவரே தக்க துணையோடு முடிவெடுக்கும் ஏற்பாட்டுக்கு நாடுகள் மாற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. 'அவருக்கு எது நல்லது' என்று பிறர் தீர்மானித்த இடத்தில், 'அவருடைய விருப்பம் என்ன' என்ற கேள்வி வர வேண்டும் என்பதே அதன் சாரம். குழு சொல்வது சரி என்பது என் நிலைப்பாடு. பாதுகாவலர் சான்று என்பது ஒரு மனிதரைச் சட்டத்தின் பார்வையில் ஆயுள் முழுவதும் குழந்தையாக்கும் காகிதம்.

சிறுவாணி:
நிலவன் அவர்களே, அந்தக் காகிதத்தை வாங்குவதற்காக நான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்திருக்கிறேன். என் மகனுக்கு இருபத்தேழு வயது. பேச்சு கிடையாது. ஐந்நூறு ரூபாய்த் தாளையும் பத்து ரூபாய்த் தாளையும் நீட்டினால், கையில் மொடமொடப்பாக இருப்பதை எடுத்துக்கொள்வான்.

அவன் அப்பா இறந்து நான்காவது மாதம், கணவரின் உடன்பிறந்தவர் ஒருவர் விடுதலைப் பத்திரம் ஒன்றை வீட்டுக்கே எடுத்து வந்தார். பூர்வீக நிலத்தில் என் மகனுக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. மை தடவும் பெட்டியைப் பார்த்ததும் என் மகனுக்கு ஒரே மகிழ்ச்சி, ஏனென்றால் பள்ளியில் விரல் பதித்துப் பூ வரைந்த நினைவு அவனுக்கு இருக்கிறது. அவனே கட்டைவிரலை நீட்டினான். நான் அடுப்படியிலிருந்து ஓடி வராவிட்டால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவனுக்கு எல்லோரையும் போலச் சட்டத் தகுதி உண்டு என்றால், அந்தக் கைநாட்டும் செல்லும்தானே? அவன் விருப்பத்தோடுதான் விரலை நீட்டினான். விருப்பத்துக்கு மதிப்புக் கொடுங்கள் என்று சொல்லும் குழு, இந்த விருப்பத்தை என்ன செய்யும்?

கூடல்வாசி:
சிறுவாணி அம்மா, உங்கள் அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அந்தக் காகிதத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தவன். இருபத்து மூன்று வயதில் எனக்கு மனநோய் கண்டது. ஒரு காப்பகத்தில் ஏழு மாதம் என்னை வைத்திருந்தார்கள். கையெழுத்திட்டவர் என் அப்பா. அவருக்கு என் மீது அன்பு இல்லாமல் இல்லை. வாரந்தோறும் பேருந்தேறி வந்து பழம் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்குப் போகிறேன் என்று நான் சொன்னதையெல்லாம் நோயின் பேச்சாகவே அவரும் அங்கிருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சொன்னது நியாயமா என்று பார்க்க எவருக்கும் கடமை இருக்கவில்லை, ஏனென்றால் எனக்காகச் சொல்ல வேண்டியவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 25-க்கும் மேற்பட்டோர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டது குடும்பம்தான், குணமாக வேண்டும் என்ற ஆசையில். அன்பு இருந்தால் போதும் என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் ஏர்வாடியைத்தான் சொல்வேன்.

பல்கேரியாவில் மனநோய் கண்ட ருசி ஸ்டானேவ் என்பவரின் வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருக்குப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருந்த உள்ளாட்சி அலுவலர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல், மலைப்பகுதியில் இருந்த பாஸ்த்ரா என்ற விடுதியில் 2002 டிசம்பரில் அவரைச் சேர்க்கக் கையெழுத்திட்டார். அவருடைய ஓய்வூதியத்தின் பெரும்பகுதி அந்த விடுதிக்கே போனது. அதிலிருந்து விடுபட அவரால் சொந்தப் பெயரில் வழக்குத் தொடுக்கவும் முடியவில்லை. அதற்கும் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2012 ஜனவரியில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு நியாயம் வழங்கியது.

பாலாறு:
நான் வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உடன்படிக்கையின் சொற்கள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் இருப்பதோ 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது உகந்ததா என்று பகுத்தறிந்து முடிவு செய்யக்கூடியவரே தெளிந்த மனமுடையவர் என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டிலும் பிரிவு எண் 12 ஆக அமைந்தது தற்செயல். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நாளை ஒரு பிணக்கு வந்தால் மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் சான்றைக் கேட்கிறார். அதில் வன்மம் ஏதும் இல்லை.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தரும் சான்றில் கட்டுப்பாடே இல்லை என்பதும் சரியன்று. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். கொடுமை செய்தாலோ கவனிக்காமல் விட்டாலோ அவரை நீக்கவும் வழி உண்டு.

நிலவன்:
சிறுவாணி அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தக் கைநாட்டு நீதிமன்றத்தில் நிற்காது. மனத்திறன் பாதிக்கப்பட்ட ஒருவரிடம் தன் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்திப் பெற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்ய, பாலாறு ஐயா குறிப்பிட்ட அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், துணை நிற்பவர் தன் நலனுக்காகச் செயல்படாதபடி காப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்கிறது. ஏமாற்றுபவனைத் தடுப்பதற்காக ஏமாற்றப்படுபவரின் உரிமையைப் பறிப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

இன்னொன்றையும் அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் அந்த நாளிலிருந்து 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' ஆகவே கருதப்படுவார். குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து, அவர் விருப்பத்துக்கு ஏற்ப முடிவெடுப்பவர் என்பதே அதன் பொருள். கண்காணிப்புக் குழுவோ இதையும் போதாது என்று கருதி, 2019-இல் இந்தியாவின் முதல் அறிக்கையை ஆராய்ந்தபோது, பாதுகாவலர் முறையையே நீக்கச் சொன்னது.

சிறுவாணி:
இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. என் சான்றில் அப்படி ஒரு வரி கிடையாது.

ஆனாலும் பாருங்கள், பதினாறாம் பிரிவு உதவும் என்கிறீர்கள். அது வழக்குப் போட்ட பிறகு உதவுவது. விதவையான நான் மைத்துனர் மீது வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை எத்தனை ஆண்டுகள் அலைவது? சான்று இருந்ததால்தான் மறுமுறை அவர் பத்திரத்தோடு வரவில்லை. சட்டம் படித்தவர்களுக்குப் பிறகு கிடைக்கும் நியாயம் போதும். எங்களுக்கு முன்னாலேயே தடுக்கும் கதவு வேண்டும்.

பாலாறு:
2014 விளக்கத்தை எல்லா நாடுகளும் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பிறர் முடிவெடுக்கும் ஏற்பாட்டைத் தக்க சூழலில், தக்க காப்புகளோடு வைத்துக்கொள்வோம் என்று கனடாவும், கடைசி வழியாக வைத்துக்கொள்வோம் என்று ஆஸ்திரேலியாவும் ஏற்புறுதி அளிக்கும்போதே எழுதிக் கொடுத்தன.

நிலவன்:
உண்மைதான். ஆனால் ஒழித்துக் காட்டிய நாடுகளும் இருக்கின்றன. பெரு 2018-இலும் கொலம்பியா 2019-இலும் இதற்கான சட்டங்களைக் கொண்டுவந்தன. கொலம்பியாவில், முடிவெடுக்கத் துணை நிற்பவரோடு செய்யும் ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க முடியாது. காலம் முடிந்ததும் மீண்டும் கேட்டாக வேண்டும். தன் விருப்பத்தை எவ்வகையிலும் தெரிவிக்க இயலாதவருக்கு நீதிமன்றம் துணையை நியமிக்கிறது. அயர்லாந்து 1871-ஆம் ஆண்டின் பைத்தியர் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த நாடு. 2023 ஏப்ரல் 26 முதல் அங்கே மூன்று படிநிலைகளில் துணை ஏற்பாடு வந்துவிட்டது. அதன் மேல்படியில் நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி இருப்பதால் அது பழைய முறையின் நிழலே என்று குறை சொல்வோரும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

பேச்சில்லாத மகனைப் பற்றி அம்மா கேட்டதற்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டம் நல்ல விடை என்று நினைக்கிறேன். பாலாறு ஐயா சொன்ன அதே கனடாதான். அங்கே ஒருவர் தன் பிரதிநிதியைத் தேர்ந்துகொள்ள ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளும் திறனை நிரூபிக்க வேண்டியதில்லை. பிடிக்கும், பிடிக்காது என்று காட்டுகிறாரா, அந்தப் பிரதிநிதியிடம் நம்பிக்கை கொண்ட உறவு இருக்கிறதா என்பவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கூடல்வாசி:
அம்மா, ஒன்று கேட்கலாமா? உங்கள் மகன் 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்வான்?

சிறுவாணி:
தட்டை இடது கையால் தள்ளுவான். மனிதர்கள் என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

சென்ற ஆண்டு எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை என்றார்கள். அவனை இரண்டு வாரம் ஒரு தங்கும் இல்லத்தில் விடப் பாதுகாவலராக நான்தான் கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நன்றாகச் சாப்பிடுகிறான், தொந்தரவே இல்லை என்றார்கள். அது தொந்தரவில்லாமை அன்று, மறுப்பு என்று எனக்குத் தெரிந்தது. அன்றே அழைத்து வந்துவிட்டேன். அறுவை சிகிச்சை இரண்டு மாதம் தள்ளிப்போனது. நீங்கள் சொல்லும் விருப்பத்தை நான் மதித்துத்தான் வாழ்கிறேன், கூடல்வாசி தம்பி. எனக்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்க்கும் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்பதுதான் என் கவலை.

கூடல்வாசி:
அதை எழுதி வையுங்கள் அம்மா. தட்டு, சுவர், மொடமொடப்பான தாள் எல்லாவற்றையும். யாரிடம் அவன் முகத்தைத் திருப்புவதில்லை என்பதையும் எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க எனக்கு உரிமை வந்தது. நான் எழுதி வைத்திருக்கிறேன். என் அப்பாதான் அதில் என் நியமனப் பிரதிநிதி. எழுதிய பிறகுதான் அவர் என்னை நோக்கிப் பேசத் தொடங்கினார்.

சிறுவாணி:
எழுதுகிறேன். சான்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அதை எவரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

அவன் முகத்தைத் திருப்பாத ஆட்கள் என்று எண்ணிப் பார்த்தால், என்னைத் தவிர இருவர்தான். ஒருவர் என் தங்கை. மற்றவர், பதினான்கு ஆண்டுகளாக அவனைச் சிறப்புப் பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் அழைத்துச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர். அந்த ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தானாகச் செருப்பை மாட்டிக்கொள்வான். தங்கைக்கு என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. ஓட்டுநருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பாதுகாவலர் விண்ணப்பப் படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அவரை என்னவென்று எழுதுவது, நிலவன்?