ஊட்டியின் மைனஸும் ஹார்பினின் பனி அரண்மனையும்

கொடைக்கானல்வாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சீனாவின் ஹார்பின் நகரக் குளிர்கால விழாவில் விளக்கேற்றிய பனிக்கட்டிச் சிற்பங்களைக் காணொளியில் பார்த்து மயங்கிவிட்டாராம். 'ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் மைனஸ் ஒரு டிகிரி வருகிறது, ஆகவே ஜனவரியில் ஊட்டியிலும் இதே விழாவை நடத்தலாம்' என்று தீர்ப்பு வேறு. ஐயா, அது விடியற்காலையில் புல் நுனியில் வருகிற மைனஸ். வெயில் ஏறினால் புல்லிலேயே நிற்காது, சிற்பத்திலா நிற்கும்?

தொட்டபெட்டா அடிவாரம்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? தலைகுந்தாவில் மைனஸ் வருகிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

கொடைக்கானல்வாசி:
வருகிறது. புல்லில். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது, அதனால் புல் உறைகிறது. ஆளுயரத்தில் அவ்வளவு குளிர் இருக்காது. பகலில் இருபது டிகிரிக்குப் போய்விடும். ஹார்பினில் ஜனவரி நண்பகலே மைனஸ் பத்தை ஒட்டி இருக்கும்.

தொட்டபெட்டா அடிவாரம்:
'வருகிறது' என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்த் தேயிலை:
உறைபனி உங்களுக்கு வேடிக்கை, எங்களுக்குக் கருகிப்போன கொழுந்து. ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளைப் போட்டு மூடிக் காப்பாற்றுகிறார்கள். அங்கேயே பனிக்கட்டிக்கு விழா எடுக்க வேண்டுமாம்! குளிர்கால விழாதான் வேண்டுமென்றால் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா இருக்கிறது. அதற்கு யாரும் மைனஸ் பார்ப்பதில்லை.

ஹார்பின் பார்த்தவள்:
சண்டையை விட்டுவிட்டு அந்த அழகைக் கொஞ்சம் பேசலாமா? நான் நேரில் பார்த்தவள். சொங்குவா ஆறு உறைந்ததும் டிசம்பரில் பாளம் பாளமாக அறுத்தெடுக்கிறார்கள். ஆற்று நீர் மேலிருந்து கீழாக மெல்ல உறைவதால் காற்றுக் குமிழ்கள் கீழே ஒதுங்கிவிடுகின்றன. பாளம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கிறது. அடுக்கிக் கட்டும்போதே நடுவில் எல்இடி விளக்குகளைப் பதித்துவிடுகிறார்கள், அவை அதிகம் சூடேறுவதில்லை. நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் அது. விளக்கு எரிந்ததும் கோபுரம் முழுவதும் உள்ளிருந்தே சிவக்கிறது, நீலமாகிறது. ஒளி எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அந்தக் காலத்தில் வாளித் தண்ணீரை உறையவைத்து, நடுவில் உறையாத நீரைக் கொட்டிவிட்டு, அந்தக் குழிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிய பனி விளக்குகளிலிருந்து வளர்ந்த கலை இது.

தொட்டபெட்டா அடிவாரம்:
நல்ல வர்ணனை அம்மா. நீங்கள் போனபோது எத்தனை மைனஸ்?

ஹார்பின் பார்த்தவள்:
இருபத்தைந்து. நான் சொன்னதில் உங்களுக்குப் பட்டது இது ஒன்றுதானா?

தொட்டபெட்டா அடிவாரம்:
ஆக, அதுவும் மைனஸ், இதுவும் மைனஸ். அளவில்தான் வித்தியாசம். ஜப்பானில் சப்போரோ விழா 1950இல் பள்ளி மாணவர்கள் செய்த ஆறே உருவங்களோடு தொடங்கியது. நாமும் சிறிதாகத் தொடங்கினால் கொடைக்கானலுக்கு ஏன் வயிறு எரிகிறது?

கொடைக்கானல்வாசி:
சப்போரோவில் வானமே பனியைக் கொட்டிக்கொடுக்கிறது. நீங்கள் எங்கே போவீர்கள்? மீன் லாரிக்குப் போகும் பார் ஐஸை மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றுவீர்களா? அதன் நடுத்தண்டு வெள்ளையாகக் கலங்கியிருக்கும். விளக்கு வைத்தால் டியூப்லைட்டுக்கு வேட்டி கட்டியது போல் இருக்கும்.

தொட்டபெட்டா அடிவாரம்:
வரலாறு தெரியாமல் பேசக்கூடாது. சென்னையில் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டியது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் மாதக்கணக்கில் வந்து கடற்கரை வெயிலிலேயே தாங்கியது. மைனஸ் வருகிற தலைகுந்தாவில் தாங்காதா?

குன்னூர்த் தேயிலை:
மரத்தூளில் புதைத்துத் தடித்த சுவருக்குள் வைத்ததால் தாங்கியது ஐயா. சிற்பத்தையும் மரத்தூளில் புதைத்துவிட்டு டிக்கெட் கிழிப்பீர்களா?

கொடைக்கானல்வாசி:
அதோடு, ஊட்டியிலேயே பனிக்கட்டி விளையுமென்றால் வெள்ளைக்காரன் எதற்காகக் கடல் தாண்டிப் போனான்?

தொட்டபெட்டா அடிவாரம்:
அப்போது மலை ரயில் ஏது? ஊட்டிக்கு ரயில் 1908இல்தான் வந்தது. உங்களுக்கு இன்றைக்கும் வரவில்லை, பாவம்! உங்கள் பிரையண்ட் பூங்காவும் அதே 1908தான். எங்கள் தாவரவியல் பூங்கா 1848. அறுபது வருடம் பின்னால் பிறந்தவர் பெரியவருக்குப் பாடம் எடுக்கிறார்.

கொடைக்கானல்வாசி:
ரயில் இல்லாவிட்டால் என்ன? எங்கள் மலைப்பூண்டுக்கு 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம்.

தொட்டபெட்டா அடிவாரம்:
அந்தப் பூண்டுக்குள் விளக்கு வைத்து விழா எடுங்கள், வந்து பார்க்கிறோம். இ-பாஸ் வேண்டுமா?

ஹார்பின் பார்த்தவள்:
படங்கள் போடலாம் என்று இருந்தேன். வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

தொட்டபெட்டா அடிவாரம்:
போடுங்கள் அம்மா, வெப்பமானி தெரிகிற படமாகப் பார்த்துப் போடுங்கள். கொடைக்கானல்காரர் அதற்குள் ஒன்று சொல்லட்டும்: உங்கள் ஏரிக்கரையில் மைனஸ் வந்தால் மட்டும் 'உறைந்தது கொடைக்கானல்' என்று கொண்டாடுகிறீர்களே, அது புல்லில் வந்ததா, ஆளுயரத்தில் வந்ததா?

கொடைக்கானல்வாசி:
நாங்கள் கொண்டாடினோம், அரண்மனை கட்டுவோம் என்று கிளம்பவில்லை. போன மே மாதம் எங்கள் மலர்க் கண்காட்சியைக் 'குட்டிச் சந்தை' என்று எழுதியவர் நீங்கள்தானே? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

தொட்டபெட்டா அடிவாரம்:
சந்தையைச் சந்தை என்றுதான் எழுத முடியும்.