தெருவில் நின்று படம் எடுத்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கோட்டையூரான்:
மதுக்கடையைப் படம் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இங்கே உண்டா? நான் எடுக்கப் போனது கடையை அல்ல, அதன் தலைக்கு மேல் இருந்த கஜலட்சுமியை. ஊர்ப் பெயர் வேண்டாம், காரைக்குடிக்குப் பக்கம். பங்காளிகள் பாகம் பிரிக்க முடியாமல் வாடகைக்கு விட்ட பழைய கட்டடம். சுதை யானைகள் இரண்டும் குடத்தைக் கவிழ்த்து நீராட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் காலடியில் டாஸ்மாக் பலகை. கேமரா வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா?

பகல் 12 மணி, அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தவும் ஒருவர் வெளியே வரவும் சரியாக இருந்தது. வெள்ளை வேட்டி, வயது அறுபது இருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். நான் போய்விடுவேன் என்று காத்திருந்தார் போலும். போகவில்லை என்றதும் அவரே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "தம்பி, பெண்ணுக்குப் பேசி முடித்திருக்கிறோம். ஆவணியில் கல்யாணம்" என்றார். அவ்வளவுதான். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். "கொப்புடைய அம்மன் மேல் சத்தியமாக?" என்றார். சத்தியம் செய்தேன்.

அந்த முதுகு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கண்டனூர் டு யார்க்:
இங்கே இங்கிலாந்தில் நேர்மாறு, அண்ணே. பப்புகளின் பெயர்ப்பலகைகளை மட்டும் படம் எடுத்துச் சேர்க்கிறேன். வெள்ளைமான், சிவப்புச் சிங்கம் என்று வாசலில் தொங்குமே, அவைதான். ஏல் என்ற பீரைக் காய்ச்சி விற்பவர்கள் வாசலில் அடையாளம் வைக்க வேண்டும் என்று 1393-லேயே இரண்டாம் ரிச்சர்டு மன்னர் ஆணை போட்டார். எழுத்துத் தெரியாதவனுக்கும் கடை தெரிந்தது.

ஒரு நாள் காலையில் எதிர் நடைபாதையில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு பப் நடத்துபவர் வேகமாக வந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற இரண்டு குப்பைத் தொட்டிகளைக் கரகரவென்று இழுத்துச் சந்துக்குள் தள்ளிவிட்டு, "இப்போது எடு" என்பதுபோலக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பொது வீதியில் நின்று எடுக்க இங்கே அனுமதி எதுவும் வேண்டாம். உள்ளே போய்விட்டால் அது அவர் இடம், வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் ஒரு வேடிக்கை. 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, கட்டடத்தையும் பொது இடத்தில் நிலையாக வைத்த சிற்பத்தையும் படம் எடுக்க விடுகிறது. தட்டையான ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதாவது பப் முழுவதையும் எடுக்கலாம். பலகை ஓவியத்தை மட்டும் நெருக்கமாக எடுத்து அச்சிட்டு விற்றால் ஓவியர் கேள்வி கேட்கலாம். நான் விற்பதில்லை, பயப்படவும் இல்லை.

ரஸ்தாக்காரன்:
யார்க் கதையெல்லாம் இந்த ஊருக்கு உதவாது. கோட்டையூராரே, நீங்கள் ஏன் அழித்தீர்கள்? முதலில் அது தவறு. என்னையும் ஒரு பார் வாசலில் ஒருவன் கேமரா வாரைப் பிடித்து இழுத்தான். விடவில்லை, வார் அறுந்தது, அவ்வளவுதான் என் கதை. இனிமேல் எடுப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே கட்டடத்தைப் படம் எடுப்பது மீறல் ஆகாது என்கிறது. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்துக்கும் அப்படியே. உங்கள் கஜலட்சுமி உங்களுக்குத்தான். கடை அரசுடையது, 2003-லிருந்து சில்லறை விற்பனை அரசு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஒட்டினாற்போல் இருக்கும் பார் டெண்டர் எடுத்தவருடையது. அவர் வாசலுக்குள் கால் வைத்தால்தான் அவர் பேச்சு எடுபடும். தெருவில் நிற்பவனின் கேமராவைப் பிடுங்கவோ, அழி என்று மிரட்டவோ பார் ஆளுக்கு அதிகாரம் கிடையாது. அழிக்காதீர்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள், கேமரா வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள், வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு எடுங்கள், 35 மி.மீ. லென்ஸ் போதும். நீள லென்ஸைக் கண்டால் பத்திரிகைக்காரன் என்று நினைத்துக் கூடிவிடுவார்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
ரஸ்தா அண்ணன் சொல்வது கட்டடத்துக்கு. அந்தப் பெரியவர் கட்டடமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது இந்தப் பட்டியலில் ஏன் வரவில்லை?

நான் படத்துக்குள் இருக்கும் கட்சி. எங்கள் வீட்டு முகப்பை வாரத்துக்கு நாலு பேராவது எடுக்கிறார்கள். படம் எடுத்தவர் போன மறுமாதம் தரகர் வருவார். "தேக்குத் தூண் கொடுப்பீர்களா ஆச்சி, அந்தக் கதவு என்ன விலை?" என்பார். இரண்டு வீடு தள்ளி இருந்த வளவு, அந்தப் பழைய பெரிய வீடு, அப்படித்தான் பிரிந்து முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனது. கேமராவைப் பார்த்தால் இந்தத் தெரு முறைப்பது அதனால்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வற்றல் காயவைத்த படத்தை, கேட்காமல் எடுத்து, ஒரு தங்கும் விடுதியின் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "காதைப் பார், மூளியாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருப்பேனே" என்றார். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ரஸ்தாக்காரன்:
2017 தீர்ப்பு தெருவில் படமே எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, தங்கச்சி. முழுக்கப் படித்துவிட்டுப் பேசலாம். விடுதிக்காரர் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது வேறு வழக்கு, அதற்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். முதலில் பதிவுத் தபாலில்…

பள்ளத்தூர் மருமகள்:
வக்கீல் வேண்டாம் அண்ணே. ஆச்சி அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லிவிட்டார்.

கோட்டையூரான்:
நான் சட்டம் கேட்கவில்லை. மிரட்டியவர் யாரும் இல்லை, ரஸ்தா அண்ணே. அவர் கெஞ்சினார், அதனால் அழித்தேன்.

முதலில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். என் கேமராவில் கார்டு போடும் இடம் இரண்டு. ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வைத்திருந்தேன். அன்று அவருக்குக் காட்டி அழித்தது ஒன்றில் இருந்ததை மட்டும். அம்மன் மேல் சத்தியம் செய்தபோது எனக்கு அது நினைவில் இல்லை, உண்மையாகவே இல்லை. போன வாரம் இரண்டாவது கார்டைக் கணினியில் போட்டேன், இருக்கிறது. யானைகள், பலகை, துண்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் கை. முகம் பாதி தெரிகிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

ஆவணி பிறந்துவிட்டது. கார்டு இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது.