மந்தைவெளியில் வாடகையா, கூடுவாஞ்சேரியில் சொந்த வீடா?

மாடிவீடு:
ஒன்பது வருடமாகச் சென்னை மந்தைவெளியில் ஒரு முதல் மாடியில் குடியிருக்கிறோம். இரண்டு படுக்கையறை, வாடகை 28,000. அலுவலகம் டைடல் பார்க்கில். பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் திருவான்மியூர். அம்மாவுக்கு 71 வயது. தினமும் காலையில் கபாலி கோவிலுக்கு நடந்தே போவார். திரும்பும்போது மாட வீதியில் கீரை விற்கும் அம்மாவிடம் பத்து நிமிடமாவது பேசாமல் வரமாட்டார்.

மாமனார் இப்போது தெற்குப் புறநகரான கூடுவாஞ்சேரியில் 55 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார். "கொடுக்கிற வாடகையோடு ஏழாயிரம் சேர்த்தால் இஎம்ஐ. வீடு உங்கள் பெயரில் நிற்கும்" என்கிறார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மனமும் ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நந்திவரம்வாசி:
மாமனார் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. நான் 14 வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியவன். நங்கநல்லூர் வீட்டில் நிலைக்கதவு ஓரமாக என் மகளின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். ஏழு கோடுகள். அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், இரண்டு மாதத்தில் காலி பண்ணுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சாமான் ஏற்றி முடிப்பதற்குள் பெயிண்டர் வந்து அந்தக் கோடுகள் மேல் வெள்ளை அடித்துவிட்டார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன். இப்போது கூடுவாஞ்சேரி நந்திவரத்தில் சொந்த வீடு.

கணக்குநோட்டு:
அண்ணன் பட்ட வலி புரிகிறது. ஆனால் மாமனார் சொன்ன "ஏழாயிரம்" முழுக் கணக்கு இல்லை.

15 லட்சம் கையிலிருந்து போட்டு, 40 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700. முதல் மாதத் தவணையில் 28,333 வெறும் வட்டிக்கே போய்விடும். இப்போது வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் அதே தொகையை வங்கிக்குக் கொடுக்கப் போகிறீர்கள், அசலில் கழிவது 6,400 கூட இல்லை. வட்டி மாறாமல் இருந்தாலே 20 வருடத்தில் 83 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

பத்திரச் செலவு தனி. மறுவிற்பனை ஃபிளாட் என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 55 லட்சத்துக்கும் போட்டால் 4.95 லட்சம். நீங்கள் புதிய வருமான வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

அப்புறம், இப்போது இருக்கும் வீட்டின் விலை ஒன்றரைக் கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வருடம் 3,36,000 கொடுத்துக் குடியிருக்கிறீர்கள். இரண்டேகால் சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. இவ்வளவு மலிவாக மயிலாப்பூர் பக்கத்தில் வாழும் வழி வேறு எது?

நந்திவரம்வாசி:
இன்றைக்கு மலிவு, சரி. வாடகை வருடம் 5 சதவீதம் ஏறினால் 20 வருடம் கழித்து 28,000 என்பது 74,000 ஆகியிருக்கும். அப்போது தம்பிக்குச் சம்பளம் வருமா? ஓய்வு பெற்ற தம்பதிக்கு வாடகைக்கு வீடு பிடிக்க அலைந்திருக்கிறீர்களா? என் சித்தப்பாவுக்காக நான் அலைந்தேன். "வயசானவங்களா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார்கள். மிச்சம் பிடித்து முதலீடு செய்வேன் என்று என்னோடு பேசிய நண்பர்கள் யாரும் பத்து வருடம் தொடர்ந்து செய்யவில்லை. இஎம்ஐ என்றால் கட்டியே ஆகவேண்டும், அதனாலேயே சொத்து சேருகிறது.

மந்தைவெளியும் பழைய மந்தைவெளியா? லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து எத்தனை வருடமாகத் தூசி தின்கிறீர்கள்!

முடிச்சூர்மருமகள்:
நான் சொந்த வீட்டுக்காரி. இருந்தும் எதிர்ப்பக்கம் பேச வருகிறேன்.

தாம்பரம் பக்கம் முடிச்சூரில் 2012-இல் தரைத்தளத்தில் வாங்கினோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது சுவிட்ச் போர்டு வரை தண்ணீர். படுக்கையறைச் சுவரில் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அந்தக் கோடு மழைக்காலத்தில் மறுபடி ஊறித் தெரிகிறது. வாடகை வீடாக இருந்தால் சாமானை ஏற்றிக்கொண்டு போயிருப்போம். சொந்த வீடாச்சே, சேற்றை வாரிவிட்டு அதே மாதம் தவணையும் கட்டினோம்.

அதைக்கூட மறந்துவிட்டேன். என் மாமியார் விஷயம் மறக்கவில்லை. அவர் திருவல்லிக்கேணியில் 40 வருடம் இருந்தவர். பார்த்தசாரதி கோவில், தேரடி, பக்கத்துத் திண்ணை என்று நாளுக்கு நான்கு முறை வெளியே போய் வருவார். இங்கே வந்த மூன்றாவது வருடம் வாசற்படி தாண்டுவதையே விட்டுவிட்டார். முட்டியில் வலி இல்லை, சர்க்கரை இல்லை, நடந்து போக இடம்தான் இல்லை. நாங்கள் இருவரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறவர்கள், எங்களுக்கு இது தெரியவே இல்லை. தூங்குவதற்கு வருகிறவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம், பகல் முழுக்க அதில் இருக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடிவீடு தம்பி, அம்மாவைக் கேட்டீர்களா?

கணக்குநோட்டு:
அக்கா சொன்னது என் கணக்கில் வராத விஷயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காலி பண்ணச் சொல்லும் பயம் இருந்தால், 11 மாதம் என்று வாய்வார்த்தையாக ஓட்டாமல், மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் இருந்தால்தான் உங்கள் பக்கம் பேச்சு எடுபடும்.

நந்திவரம்வாசி:
முடிச்சூர் அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். வெள்ளம் பற்றிச் சொன்னதை மறுக்கமாட்டேன், இங்கேயும் நந்திவரம் ஏரி நிரம்பினால் தண்ணீர் வரும் தெருக்கள் உண்டு. எந்தத் தெரு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் எல்லா முதியவர்களும் அப்படி ஒடுங்கிவிடுவதில்லை. என் அம்மாவும் முதல் ஆறு மாதம் அழுதார். அப்புறம் நந்தீஸ்வரர் கோவிலில் திருவாசகம் படிக்கும் பெண்கள் நான்கு பேர் கிடைத்தார்கள். இப்போது திங்கட்கிழமைகளில் அவரை வீட்டில் பிடிக்க முடியாது. ஊரும் வளர்கிறது. 2021-இல் நகராட்சி ஆனது, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். பத்து வருடம் பொறுத்தால் இதுவும் நல்ல பகுதிதான்.

மாடிவீடு:
அம்மாவை நேற்று இரவு கேட்டேன். "நான் இன்னும் எத்தனை நாள் நடக்கப்போறேன், குழந்தைக்குன்னு ஒரு வீடு இருக்கட்டும்" என்றார். இதற்கு அவர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம், எனக்கு எளிதாக இருந்திருக்கும். இன்று காலை வழக்கம்போல ஐந்தரைக்குக் கோவிலுக்குக் கிளம்பினார். பால்கனியில் நின்று தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன்.

அங்கே போனால் எனக்கும் தினமும் கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ் என்று போக வர மூன்று மணி நேரம் ஆகும். மகள் முழித்திருக்கும் நேரத்திலிருந்துதான் அதைக் கழிக்கவேண்டும். முன்பணம் இப்போதைக்குக் கொடுக்கவேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார்.

முடிச்சூர்மருமகள்:
வருத்தம் ஆறிவிடும். வாங்குவதாக இருந்தால் கார்த்திகை முடிந்த பிறகு மட்டும் போய்ப் பார்க்காதீர்கள், காய்ந்த தெரு எல்லாமே நல்ல தெருதான்.

நந்திவரம்வாசி:
இதில் நானும் அக்கா கட்சி. ஐப்பசி மழையிலேயே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடுவாஞ்சேரி நடைமேடையில் கூட்டத்தோடு நின்று பாருங்கள். அம்மாவை நந்தீஸ்வரர் கோவிலில் விடுங்கள், என் அம்மா கூட இருப்பார்.

மாடிவீடு:
கந்த சஷ்டி முடிந்ததும் வருகிறோம் அண்ணா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அங்கே கீரை என்ன விலை என்று கேட்கிறார்.